‘நடக்கவே நடக்காதா?’, ‘எத்தனை தடவை நடக்கும்?’: மென்பொருள் சரிபார்ப்பு ஆய்வில் எந்த வழியை எடுப்பது

போன மாதம் வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். எம்.டெக். இரண்டாம் ஆண்டு. உட்கார்ந்ததும் கேட்டாள்: “ஏனுங்க்கா, மாடல் செக்கிங்னு ஒண்ணு, தியரம் ப்ரூவிங்னு ஒண்ணு, அப்புறம் ப்ராபபிலிஸ்டிக்னு வேற சொல்றாங்க. இதுல எதை எடுத்தா தீசிஸை ஒழுங்கா முடிக்கலாம்?” அடுத்த வாரமே கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் போனில் அதையே கேட்டார். அவருக்கு பி.எச்டி. நேர்காணல் இருந்தது.

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாப் பக்கத்தில் பிள்ளைகள் தமிழில் பள்ளிப்படிப்பை முடித்து, மலையாளத்தில் பேசி, ஆங்கிலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறார்கள். மூன்று மொழிகளையும் தாண்டி வந்த பிள்ளைகளுக்கு, ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நான் இந்தத் துறையில் பத்து வருடங்களுக்கு மேல் இருந்திருக்கிறேன். அவளுக்கு இரண்டு மணி நேரம் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஃபார்மல் வெரிஃபிகேஷன் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்டிங் செய்யும்போது நிரலைச் சில உள்ளீடுகளோடு ஓட்டிப் பார்க்கிறோம். ஓட்டிப் பார்க்காத உள்ளீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்கப்போன ஒரு வரிதான் காரணம். அதற்கு முன் 1994-இல் பென்டியம் சிப்பில் வகுத்தல் தவறாக வந்தது. அதற்காக இன்டெல் ஒதுக்க நேர்ந்த தொகை 47.5 கோடி டாலர். இப்படிப்பட்ட தவறுகளை ஓட்டிப் பார்க்காமல், கணித வழியில், எல்லா ஓட்டங்களையும் சேர்த்துச் சரிபார்ப்பதுதான் இந்தத் துறை. அதற்குள் பல வழிகள் இருப்பதால்தான் குழப்பம்.

## எதை வைத்து எடை போடுவது

பிள்ளைகள் பெரும்பாலும் ‘எந்த டூல் நல்லது’ என்று தொடங்குகிறார்கள். எனக்கு அது பின்னால் வரவேண்டிய கேள்வி. நான் பார்ப்பவை இவை:

- உங்கள் சந்தேகம் எந்த வகை? ‘இது நடக்கவே நடக்காதா?’ என்பது ஒன்று. ‘அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் நடக்காதா?’ என்பது இன்னொன்று. ‘ஆயிரத்துக்கு எத்தனை தடவை நடக்கும்?’ என்பது மூன்றாவது. தமிழில் ‘வரலாம்’ என்ற ஒரே சொல்லுக்குள் முதலாவதும் மூன்றாவதும் ஒளிந்துகொள்ளும். தலைப்பை எழுதும்போது அந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள்.
- பதில் எதன்மேல் நிற்கிறது? எல்லா முறையும் ஏதோ ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கும். அது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.
- முதல் முடிவு கையில் வர எத்தனை மாதம்? எம்.டெக்.குக்கு இதுதான் உயிர்.
- எண்கள் எங்கிருந்து வரும்? கணக்கில் போடும் நிகழ்தகவுகளை யார் தருவார்கள்?
- கணினி, வழிகாட்டி, அதன்பின் வேலை. இவை மூன்றும் கடைசியில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

## ஒப்பிட ஓர் உதாரணம்: வாளையார்த் தண்டவாளம்

ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வோர் உதாரணம் சொன்னால் ஒப்பிட முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நமக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு கஞ்சிக்கோடு, வாளையார், எட்டிமடை, மதுக்கரை என்று வரும் காட்டுப் பகுதி தெரியும். 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அந்தப் படங்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் 12 கோபுரங்களில் கேமரா வைத்து, செயற்கை நுண்ணறிவு மூலம் யானையைக் கண்டு எச்சரிக்கும் அமைப்பைத் தொடங்கியது.

அந்த உண்மையான அமைப்பை நான் இங்கே ஆராயவில்லை. அதைப் பார்த்து ஓர் எளிய மாதிரியை உருவாக்கிக்கொள்கிறேன்: 12 கோபுரங்கள், ஒரு கட்டுப்பாட்டு அறை, மேல் லைனில் ஒரு ரயில், கீழ் லைனில் ஒரு ரயில். கோபுரம் யானையைப் பார்த்தால் அறைக்குச் சொல்லும், அறை இரண்டு ஓட்டுநர்களுக்கும் சொல்லும். செய்தி சில நேரம் தொலைந்துபோகும். கீழே வரும் எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

## வழி ஒன்று: மாடல் செக்கிங்

அமைப்பின் நிலைகளை எல்லாம் ஒரு வரைபடமாக எழுதி, ‘எச்சரிக்கை நிலுவையில் இருக்கும்போது ரயில் முழு வேகத்தில் அந்த இடத்தைக் கடக்காது’ என்பது போன்ற ஒரு பண்பைத் தர்க்க மொழியில் கொடுத்தால், கருவி தானே ஒவ்வொரு நிலையாகத் தேடும். ‘எப்போதும்’, ‘என்றேனும்’ என்றெல்லாம் எழுத உதவும் காலத் தர்க்கத்தை நிரல்களுக்குக் கொண்டுவந்தவர் அமீர் ப்னூவேலி, 1977-இல். அதை வைத்துத் தானாகத் தேடும் முறையை 1981, 82 வாக்கில் ஒரு பக்கம் கிளார்க்கும் எமர்சனும், இன்னொரு பக்கம் கேய்லும் சிஃபாகிஸும் கண்டுபிடித்தார்கள். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2007-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது.

இதன் பெரிய பலம் எதிருதாரணம். தப்பு இருந்தால் ‘தப்பு’ என்று சொல்வதோடு நிற்காது. எந்த அடிக்குப் பின் எந்த அடி வைத்தால் தப்பு வரும் என்று படிப்படியாகக் காட்டும். நம் உதாரணத்தையே ஸ்பின் என்ற மாடல் செக்கிங் கருவிக்கு எழுதினேன். கட்டுப்பாட்டு அறைக்கு ‘எச்சரிக்கை நிலுவை’ என்று ஒரே ஒரு கொடி (ஆம், இல்லை என்று மட்டும் காட்டும் குறி) வைத்திருந்தேன். கருவி உடனே காட்டியது: இரண்டு ரயிலுக்கும் செய்தி போகிறது, கீழ் லைன் செய்தி தொலைகிறது, மேல் லைன் ஓட்டுநர் ‘கிடைத்தது’ என்கிறார், அறை கொடியை இறக்குகிறது, கீழ் லைன் ரயிலுக்கு மறுபடி செய்தி போகவே இல்லை. படிக்கும்போது பச்சைத் தப்பாகத் தெரிகிறது. எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ரயிலுக்கும் தனிக் கொடி வைத்ததும் சரியாயிற்று.

மறைந்திருக்கும் செலவு முதலில் நினைவகம். ஒரு கோபுரத்துக்கு 4 நிலை என்றால் 12 கோபுரத்துக்கு 4-ஐ 12 தடவை பெருக்கவேண்டும்: 1,67,77,216. இரண்டு ரயிலுக்கும் தலா 50 இடங்கள் சேர்த்தால் 2,500 மடங்கு, அதாவது சுமார் 4,194 கோடி நிலைகள். உங்கள் 16 ஜிபி லேப்டாப்பில் இது அப்படியே அடங்காது. ஒரே மாதிரிக் கோபுரங்களைச் சேர்த்து எண்ணுவது, தேவையில்லாத விவரத்தை வெட்டுவது, நிலைகளை முடிவுமரம் போன்ற சுருக்க வடிவில் வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஆய்வே அங்கேதான் நடக்கிறது என்றும் சொல்லலாம்.

இரண்டாவது செலவு, நீங்கள் சரிபார்த்தது மாதிரியை. ஓடும் நிரலை அல்ல. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வைவாவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சி நிரலை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும் சிபிஎம்சி போன்ற கருவிகள் இதைக் குறைக்கும். ஆனால் அவை பொதுவாக நிரலில் உள்ள சுற்றுகளை (லூப்) ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் விரித்துப் பார்க்கும்.

மூன்றாவதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ‘யானை ஏறினால் என்றேனும் ஓட்டுநருக்குச் செய்தி போய்ச் சேரும்’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். ‘எல்லாச் செய்தியும் எப்போதும் தொலைந்துகொண்டே இருந்தால் சேராது’ என்று கருவி எதிருதாரணம் காட்டும். அது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து என்ன செய்வது? ‘திரும்பத் திரும்ப அனுப்பினால் ஒரு தடவையாவது சேரும்’ என்ற நியாய அனுமானத்தைச் சேர்த்தால் பண்பு நிறைவேறிவிடும். ஆனால் ‘என்றேனும்’ என்பது ரயில் போன பிறகாகவும் இருக்கலாம். மாடல் செக்கிங்கில் இருந்தவர்கள் பலர் நேரத்தைக் கணக்கிடும் முறைகளுக்கும் நிகழ்தகவுக்கும் நகர்ந்தது இந்த இடத்தில்தான்.

இந்த வழி பொருந்துவது: ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டியவர்களுக்கு, பல பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடிச் சிக்கிக்கொள்ளும் அமைப்புகளுக்கு. வேலை வாய்ப்பிலும் இதுதான் முன்னால் நிற்கிறது. சிப் வடிவமைக்கும் நிறுவனங்களில் ஃபார்மல் வெரிஃபிகேஷன் இன்ஜினியர் என்று தனிப் பதவியே உண்டு. அமேசான் தன் கிளவுட் சேவைகளின் வடிவமைப்பை கணினி அறிஞர் லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் மொழியில் எழுதிச் சரிபார்த்ததை 2015-இல் அதன் பொறியாளர்களே எழுதி வெளியிட்டார்கள்.

## வழி இரண்டு: தியரம் ப்ரூவிங்

12 கோபுரத்துக்கு மாடல் செக்கிங் பதில் சொல்லும். நாளைக்கு 40 வைத்தால்? ‘எத்தனை கோபுரம் வைத்தாலும்’ என்ற கேள்விக்கு, எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும் தானியங்கி முறை இருக்கவே முடியாது என்று ஆப்ட், கோஸன் இருவரும் 1986-இல் நிறுவிவிட்டார்கள். சில வகை அமைப்புகளுக்குத் தனி உத்திகள் உண்டு. பொதுவாக மனிதன் உட்கார்ந்து, கணிதத் தேற்றம் போல நிறுவ (நிரூபிக்க) வேண்டும், கணினி ஒவ்வொரு படியையும் சரிபார்க்கும். அதற்கான கருவிகள் இசபெல், லீன், காக். காக் 2025 முதல் ராக் என்ற பெயரில் வருகிறது.

இந்த வழியில் கிடைக்கும் உறுதிக்கு நிகர் வேறில்லை. எஸ்இஎல்4 என்ற இயக்குதளக் கருவுக்கு (கெர்னல்) 2009-இல் இசபெல்லில் முழு நிறுவல் வெளியானது. சி நிரல் சுமார் 8,700 வரி. நிறுவல் சுமார் 2,00,000 வரி. சேவியர் லெராய் உருவாக்கிய காம்ப்சர்ட் என்ற சி கம்பைலரை, யூட்டா பல்கலைக்கழகத்தினர் தற்செயலாக உண்டாக்கிய நிரல்களை வைத்து அடித்துப் பார்த்து 2011-இல் எழுதினார்கள். மற்ற கம்பைலர்களில் முன்னூறுக்கும் மேற்பட்ட பிழைகளைப் பிடித்தவர்கள், காம்ப்சர்ட்டின் நிறுவப்பட்ட நடுப்பகுதியில் தவறான இயந்திர நிரல் வரும் பிழை ஒன்றைக்கூடக் காணவில்லை. அதிலும் நிறுவப்படாத ஓரப் பகுதிகளில் பிழை கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். ரயிலுக்கும் இதில் பங்குண்டு: 1998-இல் ஓடத் தொடங்கிய பாரிஸ் மெட்ரோ 14-ஆம் லைனின் பாதுகாப்பு மென்பொருள், ‘பி’ என்ற முறையில் நிறுவல்களோடு எழுதப்பட்டது.

இப்போது விலை. சி நிரல் 8,700 வரிக்கு நிறுவல் 2,00,000 வரி என்பதை இன்னொரு தடவை படியுங்கள். ஒரு வரிக்கு இருபது வரிக்கும் மேல். அந்தக் குழு அதற்குச் செலவிட்டதை ஆள்-ஆண்டுக் கணக்கில்தான் சொல்கிறார்கள். நானே ஒரு சின்ன நெறிமுறையை (புரோட்டோகால்) நிறுவப் போய், ஒரு துணைத் தேற்றத்தில் ஐந்து மாதம் நின்றேன். ஐந்து மாதமும் பிழை தேற்றத்தில் இல்லை, நான் எழுதிய வரையறையில் இருந்தது. அது தெரிந்த நாள் என் ஆய்வு வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. ஆனால் எம்.டெக். மாணவிக்கு ஐந்து மாதம் என்பது பாதித் தீசிஸ்.

இன்னொரு செலவு, கருவி மாறினால் நிறுவல் உடையும். லீன் 3-இலிருந்து லீன் 4-க்கு அதன் கணித நூலகத்தை மாற்றி எழுதும் வேலை 2023-இல்தான் முடிந்தது. நாலு வருடம் ஆகும் ஆய்வில் இப்படி ஒன்று வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வழிகாட்டி பக்கத்திலேயே வேண்டும். வீடியோ பார்த்துத் தனியாகக் கற்ற ஓரிருவரை எனக்குத் தெரியும். அவர்கள் விதிவிலக்கு. நாலைந்து வருடம் இருக்கிறது, கணிதத்தில் உட்காரும் பொறுமை இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறார் என்றால் தயங்காமல் எடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் ‘பொறு’ என்றுதான் சொல்வேன்.

## வழி மூன்று: ப்ராபபிலிஸ்டிக் மாடல் செக்கிங்

வேலந்தாவளத்துப் பெண்ணின் கண் இதன்மேல்தான் இருந்தது. என் வருடங்களில் பெரும்பகுதியும் இதில்தான் போனது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இங்கே மாதிரியில் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்புகளில் எண் ஏறுகிறது. கேமரா ஒரு தடவை பார்க்கும்போது யானையைக் கண்டுபிடிக்க நிகழ்தகவு 0.9, செய்தி போய்ச் சேர 0.95 என்று வைப்போம். ஒரு முயற்சி வெற்றிபெற 0.9-ஐ 0.95-ஆல் பெருக்க 0.855. தோற்க 0.145. ரயில் வருவதற்குள் மூன்று முயற்சிக்கு நேரம் இருந்தால் மூன்றும் தோற்க 0.145-ஐ மூன்று தடவை பெருக்கினால் சுமார் 0.003. ஆயிரம் தடவைக்கு மூன்று தடவை ஓட்டுநருக்குச் செய்தி போகாது. இது கையிலேயே போடும் கணக்கு. 12 கோபுரமும் இரண்டு ரயிலும் வரும்போது கையில் போட முடியாது, கருவி போடும். பர்மிங்காமில் தொடங்கி ஆக்ஸ்ஃபோர்டிலும் வளர்ந்த பிரிஸம் ஒன்று. க்வியாட்கோவ்ஸ்கா, நார்மன், பார்க்கர் மூவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் கட்டூன் குழுவில் பிறந்த ஸ்டார்ம் இன்னொன்று. இரண்டும் இலவசம், மூலநிரலும் திறந்தது. ஃபயர்வயர், புளூடூத் போன்ற நெறிமுறைகளில் நாணயம் சுண்டுவது போன்ற படிகள் உண்டு. பிரிஸம் குழு அவற்றை ஆராய்ந்த மாதிரிகள் இன்றைக்கும் கற்றுக்கொள்ள நல்லவை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தெரியாததைத் தெரியாது என்றே எழுத இடம் உண்டு என்பது. யானை எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு நம்மிடம் எண் கிடையாது. இல்லாத இடத்தில் ‘பாதிக்குப் பாதி’ என்று போடக் கூடாது. பாதிக்குப் பாதி என்பதே ஒரு தகவல், அது நம்மிடம் இல்லை. மார்கோவ் முடிவுச் செயல்முறை என்ற மாதிரியில் அதைத் திறந்த தேர்வாக விட்டுவிடலாம். அப்போது கருவி ஒரே எண்ணைத் தராது. யானை நமக்கு எவ்வளவு பாதகமாக நடந்தாலும் இதற்கு மேல் போகாது என்று ஓர் எண்ணும், எவ்வளவு சாதகமாக நடந்தாலும் இதற்குக் கீழ் வராது என்று ஓர் எண்ணும் தரும்.

இனி செலவு. இந்த வழியின் செலவு மிக ஆழத்தில் ஒளிந்திருக்கிறது.

மேலே போட்ட 0.003-ஐத் திரும்பப் பாருங்கள். மூன்று முயற்சியும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டேன். மார்கழியில் வாளையார்ப் பக்கம் அதிகாலையில் போனவர்களுக்குத் தெரியும், மூடுபனி இறங்கினால் மூன்று முயற்சிக்கும் சேர்த்தேதான் இறங்கும். பத்து இரவில் ஒரு இரவு மூடுபனி, அன்று கேமரா காணும் நிகழ்தகவு 0.4 என்று வைப்போம். அன்றைக்கு ஒரு முயற்சி தோற்க 0.62, மூன்றும் தோற்க சுமார் 0.238. ஒன்பது நல்ல இரவையும் ஒரு பனி இரவையும் சேர்த்தால் சுமார் 0.027. ஆயிரத்துக்கு மூன்று என்றது ஆயிரத்துக்கு இருபத்தேழு ஆகிவிட்டது. கருவி மாறவில்லை, நிரல் மாறவில்லை, கேமராவும் அதேதான். அனுமானம் ஒன்று மாறியது, விடை ஒன்பது மடங்கு நகர்ந்தது.

அதனால் இந்த வழியை எடுக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: உங்கள் எண் எங்கிருந்து வருகிறது? அளந்த தரவு உண்டா? அளந்தவர் எத்தனை நாள், எந்தப் பருவத்தில் அளந்தார்? பதில் இல்லையென்றால் இரண்டு கௌரவமான வழிகள் உண்டு. ஒன்று, வடிவமைப்பாளரே நாணயம் சுண்டச் சொன்ன அல்காரிதங்களை எடுப்பது. அங்கே பாதி என்றால் பாதிதான், அளக்க வேண்டியதில்லை. இரண்டு, எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தை வைத்து, அதன் எந்த மதிப்பு வரை அமைப்பு தாங்கும் என்று கேட்பது. அளவுரு மாதிரி என்று அதற்குப் பெயர். ‘கேமரா இவ்வளவுக்குக் கீழ் போனால் இந்த அமைப்பை நம்பாதே’ என்று விடை வரும். களத்தில் இருப்பவருக்கு ஒற்றை எண்ணைவிட அது பயன்படும் என்பது என் துணிபு.

இன்னொரு ஒளிந்த செலவு கருவிக்குள்ளேயே இருக்கிறது. பெரிய மாதிரிகளில் விடையைத் துல்லியமாகத் தீர்க்காமல், மதிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போய், இரண்டு சுற்றுக்கு இடையே வித்தியாசம் மிகச் சிறிதானதும் நிறுத்துவது பழைய வழக்கம். வித்தியாசம் சிறிது என்பதால் உண்மை விடைக்கு அருகே வந்துவிட்டோம் என்று பொருளல்ல. மெதுவாக நகரும் மாதிரிகளில் வெகு தூரத்திலேயே நின்றுவிடலாம். 2014-இல் ஹடாத், மொன்மேஜ் இருவரும் இதைக் காட்டி, மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் நெருங்கும் முறையைக் கொடுத்தார்கள். இப்போது பிரிஸத்திலும் ஸ்டார்மிலும் அந்த வகை முறைகள் இருக்கின்றன. எதை இயக்கினீர்கள் என்று தீசிஸில் எழுதுங்கள். எழுதாத தீசிஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிலைப்பெருக்கம் இங்கேயும் உண்டு, கூடவே ஒவ்வொரு அம்புக்கும் ஓர் எண்ணையும் சுமக்க வேண்டும். ஆகவே மாடல் செக்கிங்கில் அடங்கியது இங்கே அடங்கும் என்று எண்ண வேண்டாம். வேலை என்று பார்த்தால், இந்தப் பெயரில் விளம்பரம் வருவது குறைவு. ரோபோ, தானோட்டி வாகனம், பாதுகாப்பு மதிப்பீடு பக்கம்தான் போக வேண்டியிருக்கும்.

## வழி நான்கு: ஸ்டாட்டிஸ்டிகல் மாடல் செக்கிங்

நிலைகளை எல்லாம் எண்ணாமல், மாதிரியைப் பல தடவை ஓட்டி, எத்தனை தடவை பண்பு நிறைவேறியது என்று எண்ணுவது. அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் தேவைப்படும் ஓட்டங்களின் எண்ணிக்கை மாறாது. பிழை 0.01-க்குள், நம்பிக்கை 95 சதவீதம் என்றால் ஹோஃப்டிங் வரம்பு என்ற புள்ளியியல் சூத்திரத்தின்படி 18,445 ஓட்டங்கள் போதும். லேப்டாப்பில் ஒரு டீ குடிப்பதற்குள் முடியலாம்.

நம் விடையே 0.003 என்பதை மறக்காதீர்கள். 0.01 பிழையோடு 0.003-ஐ மதிப்பிட்டால் ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். பிழையை 0.001 ஆக்கினால் ஓட்டம் நூறு மடங்கு, 18 லட்சத்துக்கும் மேல். ரயில் சிக்னல் துறையின் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் மணிக்கு நூறு கோடியில் ஒன்று என்ற அளவில் பேசுவார்கள். அதற்கு வெறுமனே ஓட்டி எண்ணிப் பயனில்லை, அரிய நிகழ்வுகளுக்கான தனி உத்திகள் வேண்டும். யானையின் திறந்த தேர்வையும் இது நேரடியாகக் கையாளாது. ஓட்டுவதற்கு யாராவது தேர்ந்தாக வேண்டுமே.

ஏற்கெனவே சிமுலேட்டர் கையில் உள்ளவர்களுக்கும், மற்ற மூன்றிலும் அடங்காத பெரிய அமைப்புக்கும் இது நல்ல வழி.

## ஒரு பார்வையில்

| | மாடல் செக்கிங் | தியரம் ப்ரூவிங் | ப்ராபபிலிஸ்டிக் | ஸ்டாட்டிஸ்டிகல் |
|---|---|---|---|---|
| கேள்வி | நடக்கவே நடக்காதா? | எவ்வளவு பெரிதானாலும் நடக்காதா? | அதிகபட்சம் எவ்வளவு வாய்ப்பு? | சுமாராக எவ்வளவு வாய்ப்பு? |
| முதல் முடிவு | சில வாரம் | பல மாதம் | ஒன்றிரண்டு மாதம் | சில நாள் |
| ஒளிந்த செலவு | நினைவகம், மாதிரிக்கும் நிரலுக்கும் இடைவெளி | மனித நேரம், கருவி மாற்றம் | எண்களின் மூலம், சாராமை அனுமானம் | அரிய நிகழ்வு, திறந்த தேர்வு |
| வழிகாட்டி | இருந்தால் நல்லது | இல்லாமல் முடியாது | நிகழ்தகவு தெரிந்தவர் வேண்டும் | தனியாகவும் தொடங்கலாம் |

காலக் கணக்கு நான் பார்த்த மாணவர்களை வைத்துச் சொல்வது. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

## எங்கே போய்க் கற்பது

கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது. எல்லை தாண்டி எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கு சேர்ந்தாலும், அங்கே இந்தத் துறையில் யார் இருக்கிறார், கடைசி மூன்று வருடத்தில் என்ன எழுதினார் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். நிறுவனத்தின் பெயரைவிட அதுதான் முக்கியம். தர்க்கம், ஆட்டோமேட்டா பக்கம் வலுவான அடித்தளம் வேண்டுமென்றால் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தையும் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தையும் விட்டுவிடாதீர்கள். மாடல் செக்கிங்குக்கு என்பிடெல்லில் இலவசப் பாடம் இருக்கிறது, வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு நாலு வருடம் இருந்தது. கணிதத்தில் ஆசையும் இருந்தது. அவரை இரண்டாவது வழிக்கு அனுப்பினேன், ஒரு நிபந்தனையோடு: முதல் மூன்று மாதம் அதே அமைப்பை மாடல் செக்கிங்கில் சின்ன அளவில் எழுதிப் பார்க்க வேண்டும். பொய்யான ஒன்றை நிறுவ உட்காருவதைவிட வேதனை வேறில்லை. மூன்று கோபுரத்தில் உடைந்தால் ‘எத்தனை கோபுரம் வைத்தாலும்’ என்பதும் அங்கேயே உடைந்துவிடும்.

அந்தப் பெண்ணிடம், “கண்ணு, உன் எண் எங்கிருந்து வரும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். தெரியவில்லை என்று சொல்ல அவளுக்குத் தயக்கமில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கையில் எட்டு மாதம்தான். முதல் நாலு மாதம் மாடல் செக்கிங்கில் கொடிச் சிக்கலைப் போல நெறிமுறையின் தப்புகளைத் தீர்ப்பது, அடுத்த நாலு மாதம் அதே மாதிரியை பிரிஸத்தில் எழுதி, கேமராவுக்கு எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தை வைத்து எல்லையைத் தேடுவது என்று பேசி முடித்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். மூன்று கோபுரத்துக்கான மாதிரி ஓடிவிட்டதாம். பனிக்காலத்துக்கு இன்னொரு எழுத்து வேண்டும் என்று அவளே சொன்னாள்.